எருமைக்கணவாய் அடைபடாதிருக்கத் தூதர் எயினன் பூதி எழுதியது

ஏழு ஏரிகளும் கரை தளும்பி, மதகுகள் எல்லாம் ஓயாது ஒலித்து, புதுநெல்லின் மணம் மதில் தாண்டி வீசும் ஆலங்கரைக் கோநகரில், முன்னோர் இருந்த அரியணையில் முறை வழுவாது வீற்றிருந்து, குடிகளின் பசியைத் தம் பசியாக எண்ணிச் செங்கழனி நாட்டை ஆளும் கோ நெடுந்திருவப் பெருமகனாரின் திருவடிகளுக்கு, அவர்தம் சொல்லைச் சுமந்து நெடுவரை நாட்டு அரசவையில் ஒன்பது ஆண்டுகளாக உறையும் தூதன் தழையூர் எயினன் பூதி நிலந்தோய வணங்கி எழுதிக்கொள்வது. மன்னரும் தேவியாரும் நீடு வாழ்க. மழை தவணை தப்பாது பெய்க. களத்தில் குவிந்த நெல் அளப்பவன் கை வலிக்கும் அளவு குவிக.

தங்கள் திருமுகம் ஐப்பசித் தேய்பிறையின் ஆறாம் நாள் காலையில் வந்து சேர்ந்தது. முறைப்படி எழுந்து நின்று, கண்ணில் ஒற்றிக்கொண்டு ஒருமுறை படித்தேன். இரண்டாம் முறை உட்கார்ந்து படித்தேன். மூன்றாம் முறை படிக்க முயன்றபோது கண் நிறைந்து எழுத்து தெரியாமற்போயிற்று. கடல் கடந்த பொன்தீவாரோடு நட்புக் கொண்டதாகவும், அவர்கள் விருப்பப்படி நெடுவரை நாட்டோடு உள்ள உறவை அறுப்பதாகவும், எருமைக்கணவாயை அடைத்து அதன் குறுக்கே ஆவணியில் தொடங்கிய மதிலை விரைந்து முடிப்பதாகவும், வரும் அமாவாசை நாளில் இங்குள்ள மன்னர் வரைக்கோன் குன்றநம்பியின் அவையில் அடியேன் தூதுக்கோலை முறித்துவிட்டு வீடு திரும்ப வேண்டும் என்றும் தாங்கள் ஆணையிட்டிருந்தீர்கள்.

தூதுக்கோலின் முறையைத் தாங்கள் அறிவீர்கள். ஆயினும் இளையோர் எவரேனும் இவ்வோலையை அவையில் படிக்கக் கேட்பாராயின் அவர்பொருட்டு எழுதுகிறேன். பழைய போர் முடிந்த நாளில் இரு நாட்டாரும் செய்துகொண்ட உடன்படிக்கை அடியேன் கையிலுள்ள இந்தக் கோலில் நிற்கிறது. இது முழுதாக இருக்கும்வரை கணவாய் திறந்திருக்கும், எவர் படையும் எல்லையாகிய வேழையாற்றைக் கடக்காது. தூதன் தன் கையாலேயே இதை முறித்தால் உடன்படிக்கை முறியும். பிறர் முறித்தால் செல்லாது. முறிக்கும் நாள் வரை தூதன் ஆற்றைத் தாண்டித் தன் நாட்டில் கால் வைக்கலாகாது, அவன் மனைவியும் தாண்டி இப்பால் வரலாகாது. தூதன் இறந்தால் மட்டுமே கோல் இன்னொருவர் கைக்கு மாறும். ஆகவே அடியேன் உயிரோடு வீடு வர ஒரே ஒரு வழிதான் உண்டு. அந்த வழியைத்தான் தாங்கள் திறந்துவிட்டிருக்கிறீர்கள்.

வீடு வர எவ்வளவு ஆசை என்று சொல்லாமல் மேலே எழுதினால் அது பொய்யாகும். இந்நாட்டில் தினையும் தேனும் உண்டு. பாட்டில் கேட்டால் இனிக்கும். ஒன்பது ஆண்டுகள் நாள்தோறும் அதையே உண்பவனைக் கேட்டால் வேறு பாட்டுப் பாடுவான். புளி என்று ஒரு பொருள் உலகில் உள்ளதையே இவர்கள் அறியார். குளிரில் காலையில் விரல் மடங்காது; எழுத்தாணியைப் பிடிக்குமுன் அடுப்பில் கை காய்ச்ச வேண்டும். மழை பெய்தால் நீர் நிற்காமல் மலையிறங்கி ஓடிவிடும். தேங்கிய வயலில் தவளை கத்தக் கேட்டு ஒன்பது ஆண்டுகளாயிற்று. தவளைக்காக ஏங்கும் தூதன் என்று அவையில் நகைப்பார்களாயின் நகைக்கட்டும், ஏங்குவது உண்மை.

அடியேன் மனைவி சேந்தியின் முகம் இப்போது எப்படி இருக்கும் என்பதையும் அடியேன் அறியேன். அவள் அனுப்பும் ஓலைகளில் மாட்டின் நலமும் வயலின் நலமும் இருக்கும். தன்னைப் பற்றி எழுதமாட்டாள். தலைநகரில் ஆணை எழுதப்பட்ட செய்தி கேட்ட அன்றே அவள் வண்டி பூட்டிக்கொண்டு புறப்பட்டு, வேழைத்துறையின் அக்கரையில் வந்து தங்கியிருக்கிறாள் என்று உப்பு வண்டியோட்டும் உமணர்தம் தலைவன் கொற்றன் வந்து சொன்னான். தலை சற்றே நரைத்திருப்பதாகவும், நடை மாறவில்லை என்றும் சொன்னான். இங்கிருந்து துறைக்கு இரண்டு நாள் நடை. அங்கே சென்று நின்றால் ஆற்றுக்கு இப்பாலிருந்தே அவளைக் காணலாம். அடியேன் செல்லவில்லை. கண்டால் கடந்துவிடுவேன்.

இத்தனை ஆசையும் உள்ளவன், பெருமகனாரே, கோலை முறிக்க வேண்டா என்று தங்களை வேண்டி இதனை எழுதுகிறேன்.

அடியேன் வணிகன் அல்லன். உழவர் குடியில் பிறந்து எழுத்துப் படித்தவன். கண்ட வழியே சொல்கிறேன். நம் நாட்டில் நெல் உண்டு, பருத்தி உண்டு, கரையோரம் உப்பு உண்டு. இரும்பு குன்றிமணி அளவும் கிடையாது. உழவனின் கொழுவும் அரிவாளும், தச்சனின் உளியும், தங்கள் வீரர் கையிலுள்ள வேலின் முனையும் எருமை முதுகிலேறி இக்கணவாய் வழியாகவே வருகின்றன. பொன்தீவார் அதே இரும்பைக் கலத்தில் கொண்டுவந்து பாதி விலைக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதலாண்டு தருவார்கள், ஐயமில்லை. நெடுவரையின் இரும்பும் மிளகும் நம் துறைமுகம் வழியாகக் கடலேறித் தம் சரக்கோடு போட்டியிடுவதை நிறுத்துவதற்காகவே கணவாயை அடைக்கச் சொல்கிறார்கள் என்பதை நாம் மறக்கலாகாது. அடைபட்ட மறுநாள் முதல் நமக்கு இரும்பு விற்பவர் அவர்கள் மட்டுமே. ஒருவரே விற்கும் சந்தையில் விலை யார் சொன்னபடி நடக்கும் என்பதைக் கடைத்தெருவில் கத்தரிக்காய் வாங்கும் பெண்டிர் அனைவரும் அறிவர். அமைச்சர் அவையில் அதை எடுத்துச் சொல்ல ஒருவரும் வாய் திறவாதது அடியேனுக்கு வியப்பாக உள்ளது. மேலும் அவர்கள் கலம் காற்று வாய்த்தால்தான் வரும். விதைப்புக்காலம் காற்றுக்காகக் காத்திராது.

நெசவாளர் நிலையும் அதுவே. நெடுவரையார் குளிருக்குப் போர்த்துவது நம் மேலைத்தெருவில் நெய்யும் தடித்த போர்வை. இங்கே சந்தை நாளில் அவற்றைக் காணும்போதெல்லாம் ஓரத்துக் கரையை வைத்தே எந்தத் தறியில் நெய்தது என்று சொல்லிவிடுவேன். சொல்லிவிட்டுச் சற்று நேரம் அந்தத் துணியைத் தொட்டுக்கொண்டு நிற்பேன். கணவாய் அடைபட்டால் இப்போர்வைகளை யாரிடம் விற்போம்? பொன்தீவார் வெயில் நாட்டார். இடுப்புக்கு ஒரு முழம் துணி போதும் அவர்களுக்கு. தறி நின்றவன் மதிலுக்குக் கல் சுமக்கச் செல்வான். அங்கே கூலி கிடைக்கும் என்பது உண்மையே.

அந்தக் கூலியைப் பற்றியும் சொல்ல வேண்டும், பொறுத்தருள்க. மதிலில் பன்னீராயிரம் பேர் வேலை செய்வதாகவும், வயற்கூலியைப்போல் இரு மடங்கு நெல் அரண்மனைக் களஞ்சியத்திலிருந்து அவர்களுக்கு அளக்கப்படுவதாகவும், இதனால் குடிகள் கையில் நெல் புரண்டு நாடு செழிப்பதாகவும் திருமுகத்தில் மகிழ்ந்து எழுதியிருந்தீர்கள். குடிகள் மகிழ்வது தங்களுக்கு மகிழ்ச்சி என்பதை அடியேன் அறிவேன். ஆயினும் மதில் வேலைக்கு வருபவர் வானத்திலிருந்து இறங்கி வரவில்லை. உமணர் தலைவன் கொற்றன், தழையூர் ஏரியின் மூன்றாம் மதகு பழுதுபட்டுக் கிடப்பதாகவும், மதகு காக்கும் குடியார் நால்வரும் மதிலுக்குச் சென்றுவிட்டதாகவும், செக்காட்டுவோர் பாதிப்பேர் செக்கை நிறுத்திவிட்டுக் கல்லுடைக்கப் போனதாகவும், எல்லார் வீட்டிலும் கூலி நெல் இருக்கிறது, சந்தையில் எண்ணெய் மட்டும் ஒன்றரை மடங்கு விலை ஏறிக் கிடக்கிறது, இது என்ன மாயம் என்று தன் மனைவி தன்னைக் கேட்பதாகவும் கூறினான்.

இதில் மாயம் ஒன்றுமில்லை. வாங்குவோர் கையில் நெல் கூடியிருக்கிறது. விற்பதற்குப் பொருள் செய்வோர் குறைந்துவிட்டனர். குறைந்த எண்ணெயை நிறைந்த நெல் துரத்தினால் விலை ஏறத்தான் செய்யும். களஞ்சியத்திலிருந்து போன நெல்லும் திரும்பி வராது. கல் முளைத்துக் கதிர் தள்ளியதை எவரும் கண்டதில்லை. அரசு செலவிடுவதே தீது என்று அடியேன் சொல்லவில்லை. தங்கள் பாட்டனார் பெருங்கால்வாய் வெட்டியபோதும் களஞ்சியம் தரை தெரிந்தது, முணுமுணுக்காதவர் இல்லை. மூன்றே அறுவடையில் அக்கால்வாய் தான் உண்ட நெல்லைத் திருப்பித் தந்தது, இன்றும் தந்துகொண்டிருக்கிறது. அந்தக் கால்வாயின் நீரில்தான் அடியேன் நீந்தக் கற்றேன். மதில் அவ்வாறு தராது. கட்டி முடித்த பின்னும் காவலுக்கு ஆள், காவலருக்குச் சோறு என்று கேட்டுக்கொண்டே இருக்கும். தினை பொய்த்த ஆண்டில் நம் அரிசி வராமல் பசித்த மலைக்குடிகள் ஒருநாள் அம்மதில் மேல் ஏறி வருவர். அப்போது மதிலைக் கட்டியது நல்லதாயிற்று என்று நம்மவர் சொல்வர். அவர்களைப் பகைவராக்கியது அம்மதிலே என்பதை யாரும் நினையார்.

தண்டநாயகர் கோளரி மதிலை வற்புறுத்துகிறார் என்பதற்காக அவரைக் குறை கூற அடியேனுக்கு நா எழவில்லை. பழைய போரில் அவர்தம் மூத்த மகனை இக்கணவாயில்தான் இழந்தார். உடலைக் கொண்டுவந்த வண்டிக்குப் பின்னால் அவரோடு நடந்தவர்களில் அடியேனும் ஒருவன். இன்னொரு தந்தைக்கு அது நேரலாகாது என்றே மதில் கேட்கிறார். அதே காரணத்துக்காகவே அடியேன் மதில் வேண்டா என்கிறேன் என்று அவரிடம் தாங்கள் சொல்ல வேண்டும். தங்கள் வாயால் சொன்னால் கேட்பார்.

இனி எழுதுவதற்குக் கை கூசுகிறது. எழுதாமல் விட்டால் மேலே எழுதியவற்றில் பயனில்லை.

பொன்தீவாரின் சொல் தங்கள் செவியில் ஏறியதற்குக் காரணம் சென்ற தைத் திங்களில் நெடுவரையிலிருந்து நட்புப் பரிசாக வந்த ஆண்டுக் கையுறை. அது கருங்கம்பளி போர்த்து வந்தது. கொண்டுவந்தோர் தங்கள் அவையில் வாழ்த்து ஒன்றும் சொல்லாமல் வாய் மூடி நின்று திரும்பினர். நம் வழக்கில் கரிய துணி போர்த்த பொருளை ஒருவர் வீட்டில் வைப்பது அந்த வீடு இருளட்டும் என்று சபிப்பதாகும். அவை கொதித்ததில் தவறில்லை. ஆனால் பெருமகனாரே, அது சாபம் அன்று. வரைக்கோனின் தாயார் அத்திங்களில் இறந்துபோனார். இந்நாட்டு வழக்கில் தாய் இறந்தால் நாற்பது நாள் அவ்வீட்டார் எவரையும் வாழ்த்தார்; வாழ்த்தினால் அச்சொல்லோடு தம் இழவும் கேட்பவர் வீட்டுக்குச் சென்றுவிடும் என்பது இவர்கள் நம்பிக்கை. கையுறையைக் கருங்கம்பளியால் மூடியதும் தம் துக்கம் அதன்வழி நம்மைத் தொடாதிருக்கவே. நம் நலம் கருதிச் செய்ததை நாம் பகை என்று கொண்டோம்.

இதை உடனே எழுதி விளக்க வேண்டியவன் அடியேன். அதற்காகவே தாங்கள் சோறிட்டு இங்கே வைத்திருக்கிறீர்கள். ஏன் எழுதவில்லை? ஒவ்வொரு தையிலும் எல்லைக்கு அருகே உள்ள ஒரு பாறைக்கு எவரிடமும் சொல்லாமல் செல்வது அடியேன் வழக்கம். அங்கிருந்து நம் வயல்கள் தெரியும். காற்று இப்பக்கம் வீசினால் களத்தில் போரடிப்பவர் மாட்டை அதட்டும் குரல் கேட்கும். விடை பெறாமல் அவை நீங்குவது தூதனுக்குத் தகாது. அவ்வாண்டு இரண்டு நாள் இருந்து திரும்ப எண்ணியவன் குரல் கேட்ட மயக்கத்தில் ஆறு நாள் இருந்துவிட்டேன். திரும்பி வந்தபோது தாயாரின் ஈமக்கடன் முடிந்து, கையுறை கணவாயைக் கடந்துவிட்டது. குதிரை ஏற்றி ஆளை அனுப்பியிருந்தால் முந்தியிருக்கலாம். அனுப்பினால் எங்கே போயிருந்தாய் என்ற வினா வரும். நாணத்தால் வாளாவிருந்தேன். அவையில் முதியோர் எவரேனும் இவ்வழக்கத்தை அறிந்திருப்பர் என்று என்னையே ஏமாற்றிக்கொண்டேன். வீட்டை நினைத்து ஏங்கியவன் வீட்டுக்கே தீங்கு தேடி வைத்தேன். இதற்கு எந்தத் தண்டம் விதித்தாலும் ஏற்பேன்.

திருமுகம் வந்த மறுநாள் வரைக்கோனிடம் சென்று அடியேன் பிழையை ஒப்புக்கொண்டேன். கோலை முறிக்கும் ஆணையைச் சொல்லவில்லை. அவர், தம் தாயார் இளமையில் நம் நாட்டுத் துறைமுகத்தைக் கண்டவர் என்றும், இறுதிக்காலத்திலும் கடலைப் பற்றிப் பேசினார் என்றும், அவர் இழவுக்குச் செங்கழனியிலிருந்து ஓர் ஆறுதல் சொல் வரும் என்று தாம் இத்தனை திங்களும் வழி பார்த்திருந்ததாகவும், வராததால் நம்மவர் நெஞ்சில் ஈரமில்லை என்று முடிவு கட்டியதாகவும் கூறினார். பெருமகனாரே, அவர் நம்மேல் கொண்ட கோபமும் நாம் அவர்மேல் கொண்ட கோபமும் ஒரு தூதன் பாறை மேல் உட்கார்ந்திருந்ததால் வந்தவை.

ஆகவே அடியேன் வேண்டுவது: தங்கள் கையெழுத்தில் ஓர் இரங்கல் ஓலை வரைக்கோனுக்கு வரவேண்டும், தேவியாரும் ஒரு சொல் எழுதினால் நன்று. சம்பா நடவு முடிவதற்குள் மதில் வேலையாட்களை ஊருக்கு அனுப்ப வேண்டும். அவர்களுக்கு அளக்கும் நெல்லில் பாதியை ஏரி மராமத்துக்கு அளந்தால் அது வயல் வழியாகத் திரும்பி வரும். பொன்தீவாரோடு நட்பை விடச் சொல்லவில்லை. வாணிகம் செய்யட்டும், கணவாயை அடைப்பது மட்டும் அந்த நட்பின் விலையாக இருக்கலாகாது. அடியேன் இங்கேயே இருக்கிறேன். இவ்வோலையைப் படித்த பின்னும் முறிக்கவே வேண்டும் என்று இரண்டாம் ஆணை வருமாயின், மறுசொல் இன்றி முறித்துவிட்டு வந்து தங்கள்முன் நிற்பேன். வராதாயின் இக்கோல் அடியேன் கையிலேயே இருக்கும், அடியேன் உயிர் உள்ளவரை.

இவ்வோலையில் தூது முத்திரை இல்லாதது கண்டு தாங்கள் ஐயுறலாகும். அம்முத்திரை மன்னர் சொல்லைச் சொல்வதற்காக மன்னர் தந்தது. மன்னர் ஆணைக்கு மாறாக எழுதிய ஓலையில் அதைப் பதிக்க அடியேனுக்கு உரிமையில்லை. இனி இருப்பது எங்கள் குடி முத்திரை ஒன்றே. அதைப் புறப்பட்ட நாளில் சேந்தியின் கையில் கொடுத்துவிட்டு வந்தேன். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் யார் செல்வார் என்று தாங்கள் அவையில் கேட்டபோது, அவளை ஒரு சொல்லும் கேளாமல் எழுந்து நின்றவன் அடியேன். மீதமுள்ள ஆண்டுகளையும் கேளாமல் எடுத்துக்கொள்ள இம்முறை மனம் வரவில்லை.

ஆதலால் இவ்வோலையைக் கொண்டுசெல்லும் கொற்றனுக்கு இட்ட ஆணை யாதெனில், ஆற்றைக் கடந்ததும் கோநகருக்குச் செல்லாமல் முதலில் துறையில் தங்கியிருப்பவளிடம் செல்க. ஓலையைக் கட்டவிழ்த்த நிலையிலேயே அவள் கையில் கொடுக்க. அவளுக்கு எழுத்து தெரியும், முழுதும் படிக்கட்டும். படித்து முடிக்கும்வரை வண்டியருகே விலகி நிற்க. அவளிடம் யாதொன்றும் எடுத்துச் சொல்லற்க. ஓலையை அவள் ஆற்றில் எறிந்தால் உடனே திரும்பி வந்து சொல்க; அதுவே அடியேனுக்கும் ஆணை. அமாவாசையன்று கோலை முறித்துவிட்டு வீடு வருவேன், ஏன் எறிந்தாய் என்று ஆயுள் முழுதும் கேளேன். அனுப்ப அவள் உடன்பட்டால் தன் கையாலேயே அரக்கை உருக்கி முத்திரை பதிக்கட்டும்.

பெருமகனாரே, தாங்கள் இதைப் படிக்கிறீர்கள் எனில், கீழே பதிந்திருப்பது அவள் இட்ட முத்திரை.